தூக்கம் தரும் துடிப்பொலி: வாங்குமுன் எடை போட்டுப் பார்ப்போம்

மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு நாள் என்பது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சரக்குப் பிடிக்க அதிகாலையில் எழ வேண்டும். இரவு கடை சாத்திய பிறகு கல்லாவை எண்ணிக் கணக்கு முடிக்க வேண்டும். படுத்த பிறகும் வராத பாக்கி, விலை இறங்கிவிட்ட சரக்கு, நாளை வந்து சேர வேண்டிய லாரி என்று மனம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நம் வணிகர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்பதை அவரவரே அறிவர்.

தூக்கம் இல்லாதவர்களை நாடி இப்போது ஒரு பண்டம் விற்பனைக்கு வந்திருக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலி, காதில் ஒரு ஹெட்போன். அதில் 'விம், விம்' என்று துடிக்கும் ஓர் ஒலி. இதைக் கேட்டால் பத்து நிமிடத்தில் உறக்கம் வரும், படபடப்பு அடங்கும், கணக்கு எழுதும்போது கவனம் கூடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இலவசமாகவும் கிடைக்கிறது. மாதச் சந்தா கட்டிக் கேட்பதும் உண்டு. தலையணைக்குள் ஒலிபெருக்கி வைத்தும், கண்ணில் ஒளி விட்டுவிட்டு மின்னும் கண்ணாடியோடு சேர்த்தும் விலை உயர்ந்த கருவிகளாகவும் விற்கப்படுகிறது.

இதில் சரக்கு எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துடிப்பொலி என்பது என்ன?

மனிதக் காது வினாடிக்குச் சுமார் 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கும். அதிர்வின் அளவை ஹெர்ட்ஸ் என்கிறோம். வினாடிக்கு 10 அதிர்வு என்பது காதுக்கு எட்டாத தாழ்ந்த அளவு. ஆகவே 10 ஹெர்ட்ஸ் என்ற வேகத்தை மூளைக்குக் காட்ட விரும்புகிறவர்கள், காதுக்குக் கேட்கும் வேறோர் ஒலியை எடுத்துக்கொண்டு, அதை வினாடிக்குப் பத்து முறை துடிக்கச் செய்கிறார்கள். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி எளிது. ஒரே ஒலியைச் சீராக விட்டுவிட்டு ஒலிக்கச் செய்வது. இதை 'ஐசோக்ரோனிக்' ஒலி என்கிறார்கள். இதற்கு ஹெட்போன் தேவையில்லை. சாதாரண ஒலிபெருக்கியே போதும்.

இரண்டாவது, ஏறக்குறைய ஒத்த இரண்டு ஒலிகளைக் கலந்து விடுவது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். இரண்டு தந்திகளும் சற்றே விலகி நிற்கும்போது ஒலி ஏறி இறங்கி அலை அலையாகக் கேட்கும். சுருதி நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி, முழுவதும் சேர்ந்ததும் மறைந்துவிடும். பள்ளி இயற்பியல் பாடத்தில் இதற்கு 'விம்மல்' என்று பெயர்.

மூன்றாவதுதான் அதிகம் விளம்பரம் செய்யப்படுவது. இடது காதில் 200 ஹெர்ட்ஸ், வலது காதில் 210 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியே ஒலிக்கச் செய்வார்கள். இரண்டும் வெளியே கலப்பதே இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு வினாடிக்குப் பத்து முறை துடிக்கும் விம்மல் ஒன்று தலைக்குள் கேட்கும். இரு காதுகளிலிருந்தும் வரும் செய்திகள் மூளைத் தண்டில் சந்திக்கும் இடத்தில் இது உருவாகிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிவதற்காக இயற்கை அமைத்த இடம் அது. இதைத்தான் 'பைநாரல் பீட்ஸ்' என்கிறார்கள். நாம் இருகாது விம்மல் என்று சொல்லலாம்.

இருகாது விம்மல் என்று சொல்லித் தருவது அதுதானா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு காதில் உள்ள ஹெட்போனை எடுத்துவிடுங்கள். துடிப்பு மறைந்து நேரான ஒலி மட்டும் கேட்டால் அது இருகாது விம்மல். துடிப்பு தொடர்ந்து கேட்டால் முதல் இரண்டு வகைகளில் ஒன்று. இருகாது விம்மலை ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்பதில் பொருளில்லை. இரண்டு ஒலிகளும் காற்றிலேயே கலந்து சாதாரண விம்மலாகிவிடும். இதைச் சொல்லாமலே ஒலிபெருக்கித் தலையணை விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எங்கிருந்து வந்தது?

இருகாது விம்மல் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவ் என்ற பிரஷ்ய நாட்டு இயற்பியலாளர் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைக் கண்டறிந்தார். நெடுங்காலம் இது ஆய்வுக்கூட வேடிக்கையாகவே இருந்தது.

அடுத்த படி ஜெர்மனியில் நடந்தது. ஜெனா நகரின் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முறையாகத் தலையின் மேற்புறத்திலிருந்து பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் வினாடிக்குச் சுமார் பத்து என்ற கணக்கில் அலை எழுவதையும், கண்ணைத் திறந்தால் அது அடங்குவதையும் அவர் கண்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. பரிசோதனை அதன் வழிவந்ததே.

மூளையலைகளை இப்போது வேகத்தைக் கொண்டு வகை பிரிக்கிறார்கள்.

டெல்ட்டா: 4 ஹெர்ட்ஸுக்குக் கீழ். ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதி.
தீட்டா: 4 முதல் 8 வரை. கண் செருகும் நிலை.
ஆல்ஃபா: 8 முதல் 13 வரை. விழித்தபடி ஓய்வு.
பீட்டா: 13 முதல் 30 வரை. விழிப்பும் செயலும்.
காமா: 30-க்கு மேல்.

1973 அக்டோபரில் ஜெரால்ட் ஆஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இருகாது விம்மல் பற்றி விரிவாக எழுதினார். விம்மலை உண்டாக்கும் ஒலி தாழ்ந்த சுருதியில் இருக்க வேண்டும், 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் விம்மல் கேட்பதில்லை என்பன போன்ற விவரங்கள் அதில் இருந்தன. 1975-இல் ராபர்ட் மன்றோ என்ற அமெரிக்க வானொலித் துறைக்காரர், ஒலியால் உறக்கத்தின் பல நிலைகளைத் தூண்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆய்வுக்கூடத்தில் இருந்த பொருள் அங்கிருந்து சந்தைக்கு வந்தது. அன்று ஒலிநாடா, பிறகு குறுந்தகடு, இன்று செயலி. உள்ளே இருக்கும் சரக்கு அதேதான்.

விற்பவர் சொல்லும் கணக்கு

விளம்பரத்தின் வாதம் இதுதான்: உறங்கும் மூளையில் டெல்ட்டா அலை இருக்கிறது, ஆகவே டெல்ட்டா வேகத்தில் ஒலியைத் துடிக்கச் செய்தால் மூளை அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு உறங்கிவிடும்.

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் பண்டிகை வந்தால் கடையில் கூட்டம் சேரும் என்பதற்காக, கூட்டத்தைச் சேர்த்துவிட்டால் பண்டிகை வந்துவிடாது. உறக்கத்தின் அடையாளம் ஒன்று. உறக்கத்தின் காரணம் வேறொன்று.

இதில் உண்மையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. விட்டுவிட்டு வரும் ஒலிக்கு மூளை அதே வேகத்தில் பதில் தருகிறது என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. வினாடிக்கு 40 முறை வரும் ஒலிக்கு இந்தப் பதில் வலுவாக இருப்பதை 1981-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பேசத் தெரியாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அறியவும் இவ்வகைப் பதிலை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒலியைக் கேட்டு மூளையின் செவிப்பகுதி பதில் தருவது வேறு, மனிதனின் மனநிலையே மாறிவிடுவது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

2020-இல் கனடா ஆய்வாளர்கள் இருகாது விம்மலையும் சாதாரண விம்மலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளையலையை இழுப்பதில் சாதாரண விம்மலே வலுவாக இருந்தது. இரண்டுமே கேட்பவரின் மனநிலையை மாற்றவில்லை. 2023-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இருகாது விம்மல் பற்றிய 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூளையலை ஒலியின் வேகத்தைப் பின்பற்றுகிறது என்பதற்கு 5 ஆய்வுகள் ஆதரவாகவும், 8 எதிராகவும், ஒன்று இரண்டுங்கெட்டானாகவும் இருந்தன.

பலன் எதில், எவ்வளவு?

மனப்படபடப்பு: மூன்றில் இதற்குத்தான் ஆதாரம் சற்றுக் கூடுதல். 2005-இல் பிரிட்டனின் 'அனஸ்தீசியா' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விம்மல் கலந்த இசை, ஒரு குழுவுக்கு விம்மல் இல்லாத இசை, மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. படபடப்பு அளவு முறையே 26.3, 11.1, 3.8 சதவீதம் குறைந்தது. 2019-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் படபடப்பு, வலி, நினைவு, கவனம் ஆகியவற்றில் நடுத்தரமான பலன் தெரிந்தது. ஆனால் வெறும் இசைக்கே 11 சதவீதம் குறைந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். பிடித்த பாட்டைத் தணிவாக வைத்துக் கேட்டாலும் ஓரளவு பலன் உண்டு. அதற்குச் சந்தா கிடையாது.

உறக்கம்: 2018-இல் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், 3 ஹெர்ட்ஸ் விம்மலோடு உறங்கியவர்களுக்கு ஆழ்ந்த உறக்கத்தின் நேரம் கூடியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சிறு ஆய்வு ஒன்றை வைத்து ஊருக்கெல்லாம் விற்க முடியாது.

உறக்கத்தில் ஒலி உண்மையாகவே வேலை செய்யும் முறை ஒன்றை 2013-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உறங்குபவரின் மூளையலையைக் கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலை மேலெழும் அந்தக் கணத்தில் ஒரு சிறு ஒலித் துணுக்கு. அலை வலுப்பெற்றது, முந்தைய நாள் மாலை படித்த சொற்கள் மறுநாள் காலை கூடுதலாக நினைவில் நின்றன. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அதே ஒலியை நேரம் தவறிக் கொடுத்தபோது பலன் இல்லை என்பது. நம் கைப்பேசியில் ஓடும் பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு நம் மூளையில் என்ன அலை எழுகிறது என்பது தெரியாது. அது தன் போக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்த ஆய்வைக் காட்டி இந்தச் செயலியை விற்றால் அது வேறு சரக்கின் சீட்டை இந்த மூட்டையில் ஒட்டுவது போன்றது.

கவனம்: இங்கே எச்சரிக்கை தேவை. 2023-இல் போலந்து நாட்டில் 1,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வீட்டில் இருந்தபடியே அறிவுத்திறன் சோதனைக்கு விடை எழுதினார்கள். இருகாது விம்மல் கேட்டுக்கொண்டே எழுதியவர்களின் மதிப்பெண் கூடவில்லை, குறைந்தது. வரி விவர அறிக்கை தயாரிக்கும்போதும், சரக்கு இருப்புச் சரிபார்க்கும்போதும் 'கவனம் கூடும்' என்று நம்பி இதைக் காதில் மாட்டிக்கொள்வதற்கு முன் இதை நினைவில் கொள்ளவும்.

ஆக, துடிப்பொலியால் சிலருக்கு மனம் அமைதியடையலாம். அந்த அமைதியில் ஒரு பகுதி, இருபது நிமிடம் கண்ணை மூடிச் சும்மா படுத்திருப்பதால் வருவது. ஒரு பகுதி, தெருச் சத்தத்தைச் சீரான ஒலி மறைப்பதால் வருவது. ஒரு பகுதி, பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையால் வருவது. மிச்சம் இருப்பதே துடிப்பின் பங்கு.

யாருக்கு ஆகாது?

வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் துடிப்பொலியைப் பயன்படுத்த வேண்டாம். ஒளி மின்னும் கண்ணாடியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரப் படம் ஒன்றில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை மாறி மாறி மின்னியதில், அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். முன்பு வலிப்பே வராத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

வண்டி ஓட்டும்போது, இயந்திரத்தின் அருகே நிற்கும்போது, மூட்டை ஏற்றி இறக்கும் இடத்தில் இதைக் கேட்கக் கூடாது.

ஒலியைத் தணிவாக வைக்க வேண்டும். வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. படுக்கையில் அதைவிடப் பல மடங்கு தணிவாகவே வைக்கலாம். அருகில் ஒருவர் பேசினால் கேட்க வேண்டும், அதுவே அளவு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பது, பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் அயர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால், அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் தொடர்புடையது அது. எந்த ஒலியும் அதைத் தீர்க்காது. செயலி கேட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கும் முறையான சிகிச்சை இருக்கிறது. மாத்திரைக்கு முன்னதாக, உறக்கப் பழக்கத்தையும் எண்ணங்களையும் திருத்தும் நடத்தைப் பயிற்சியையே முதலில் தர வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரை செய்தது.

பதினான்கு நாள் கணக்கு

ஆய்வுகள் ஆயிரம் சொல்லட்டும், நமக்குப் பலன் உண்டா என்று எப்படி அறிவது? சரக்கு வாங்கும்போது மாதிரி பார்ப்பது போலவே இதையும் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

1. இலவசமாகக் கிடைக்கும் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சந்தா கட்ட வேண்டாம்.

2. பழைய குறிப்பேடு ஒன்றில் நான்கு பத்திகள் போடுங்கள்: படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், இரவில் விழித்த தடவைகள், காலையில் உடம்பு எப்படி இருந்தது என்பதற்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பு. நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம். அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும்.

3. ஏழு இரவுகள் துடிப்பொலி. 20 அல்லது 30 நிமிடத்தில் தானே நின்றுவிடும்படி கைப்பேசியில் நேரம் குறித்துவிடுங்கள்.

4. அடுத்த ஏழு இரவுகள் அதே நேரம், அதே ஹெட்போன், அதே அளவு. ஆனால் துடிப்பில்லாத மழை ஒலியோ மெல்லிய இசையோ.

5. இரு வாரங்களிலும் மாலைக்கு மேல் டீ, காப்பி வேண்டாம். படுக்கையில் பாக்கிக் கணக்குப் பார்க்க வேண்டாம். கடையை ஒரே நேரத்தில் சாத்துங்கள். ஒரு வாரம் திருவிழா வியாபாரம், மறு வாரம் மந்தம் என்று இருந்தால் ஒப்பீடு பொய்த்துவிடும்.

பதினைந்தாம் நாள் இரு பக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், துடிப்புக்குத் தனிப் பலன் இல்லை. மழை ஒலியோடு நிறுத்திக்கொள்ளலாம். துடிப்பொலிப் பக்கம் தெளிவாக நன்றாக இருந்தால் தொடர்ந்து கேளுங்கள். இரு வாரமும் முன்னைவிட நன்றாக இருந்தால், மாலை டீயை நிறுத்தியதும் கணக்கைப் படுக்கைக்குக் கொண்டு போகாததும் வேலை செய்திருக்கின்றன என்று பொருள்.

விற்பவர் கவனத்திற்கு

கடையில் இத்தகைய கருவிகளை வாங்கி வைக்கச் சொல்லி விற்பனைப் பிரதிநிதிகள் வரலாம். 'மனதுக்கு இதமான ஒலி' என்று சொல்லி விற்பதில் தவறில்லை. 'சர்க்கரை குறையும், இரத்த அழுத்தம் தீரும், வலிப்பு குணமாகும்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அந்த அட்டையைக் கடையில் மாட்டாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இவை மூன்றும் இருக்கின்றன. உடலின் செயலை மாற்றுவதாகச் சொல்லப்படும் பொருள்களையும் அச்சட்டம் மருந்து என்றே கருதுகிறது. அச்சிட்டவர் வேறு ஊரில் இருப்பார்; மாட்டி வைத்தவர் கல்லாவில் இருப்பார்.

நம்மிடம் தலைமுறையாகச் சாமான் வாங்குகிறவர் ஒரு பொருளைக் காட்டி 'இது நல்லதா?' என்று கேட்டால், நம் வாயிலிருந்து வரும் சொல்லைத்தான் அவர் வாங்கிப் போகிறார். தூக்கம் வராத மனிதர் எதையும் நம்பத் தயாராக இருப்பார். அவரிடம் எடை குறைத்து நிறுப்பது சுலபம். ஆகையால்தான் இந்தச் சரக்கில் தராசு முள் நேராக நிற்க வேண்டியது அவசியமாகிறது.

துடிப்பொலியைக் கேட்டு இன்பமாக இருந்தால் கேட்கலாம். தணிவாகக் கேட்கலாம். காசு கொடுக்குமுன் பதினான்கு நாள் கணக்கு எழுதிப் பார்க்கலாம். ஆனால் இரவு கடையை அரை மணி நேரம் முன்னதாகச் சாத்தினால் கிடைக்கும் தூக்கத்தை எந்தச் செயலியும் ஈடு செய்யாது. அந்த அரை மணி நேர வியாபாரத்தில் வரும் லாபம் எவ்வளவு என்பதையும் அதே குறிப்பேட்டில் ஒரு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள்.